பென்ஷன் பிரிட்டனில், வாழ்க்கை வெளிநாட்டில்: வரி யாருக்கு?

பிரிட்டனின் ஸ்டேட் பென்ஷன் வாங்குகிறவர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாட்டில் வசிப்பதில்லை. ஸ்பெயினின் கடற்கரை ஊர்களிலும் பிரான்ஸின் கிராமங்களிலும், பிள்ளைகள் குடியேறிய ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளிலும் அவர்கள் முதுமையைக் கழிக்கிறார்கள். லண்டனில் உழைத்துவிட்டுச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பியவர்களும் இவர்களில் உண்டு. பணம் ஒரு நாட்டிலிருந்து வருகிறது, இன்னொரு நாட்டில் செலவாகிறது. இரண்டு நாடுகளுமே தத்தம் சட்டப்படி அந்தப் பணத்துக்கு வரி கேட்க முடியும். எது கேட்கும், எது விட்டுக்கொடுக்கும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவுசெய்கின்றன. ஓய்வுபெற்றவர் வரிக்கணக்கில் எந்த நாட்டில் வசிப்பவர் என்பது ஒன்று. அவருக்கு வருவது எந்த வகை ஓய்வூதியம் என்பது அடுத்தது. இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வரி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மூன்றாவது.

முதலில் ஓய்வூதியத்தின் வகைகள். ஸ்டேட் பென்ஷன் என்பது, யாரிடம் வேலை செய்திருந்தாலும் தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டிய எல்லோருக்கும் அரசு தருவது. 2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி முழுத் தொகை பெறப் பொதுவாக 35 ஆண்டுச் சந்தா வேண்டும். குறைந்தது 10 ஆண்டாவது இருந்தால்தான் எதுவும் கிடைக்கும். 2025–26 வரியாண்டில் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்ட், ஆண்டுக்கு 11,973 பவுண்ட். இரண்டாவது வகை, அரசுப் பணி ஓய்வூதியம்: ராணுவம், காவல்துறை, தீயணைப்புத் துறை, சிவில் சர்வீஸ், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பணிக்காகக் கிடைப்பது. மூன்றாவது வகை, தனியார் நிறுவனம் வழியாகவோ சொந்தமாகவோ சேமித்த ஓய்வூதிய நிதி. ஸ்டேட் பென்ஷனும் அரசுப் பணி ஓய்வூதியமும் அரசுக் கருவூலத்திலிருந்து வருவதால் இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வரி ஒப்பந்தங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே மனிதருக்கு ஒரே மாதத்தில் வரும் இவ்விரண்டு தொகைகளுக்கும் வெவ்வேறு நாடுகள் வரி விதிக்கலாம்.

ஸ்டேட் பென்ஷன் வரிக்கு உட்பட்ட வருமானம்தான். ஆனால் அது வரி பிடிக்கப்படாமல் முழுத் தொகையாகவே கைக்கு வருகிறது. பிடித்தம் இல்லாததால் அது வரியில்லாத பணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. பிரிட்டனில் ஒருவர் வரியின்றிப் பெறக்கூடிய வருமானத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 12,570 பவுண்ட். 2021 முதல் அந்த வரம்பு உயரவே இல்லை. முழு ஸ்டேட் பென்ஷனுக்கும் அதற்கும் இடையே 2025–26இல் எஞ்சிய இடைவெளி 597 பவுண்ட் மட்டுமே. வேறு ஓய்வூதியம் சிறிதளவு இருந்தாலும் 20 விழுக்காட்டு வரி தொடங்கிவிடும். அந்த வரியை வேலை செய்த நிறுவனத்தின் ஓய்வூதியத்திலிருந்தோ தனியார் ஓய்வூதியத்திலிருந்தோ பிடித்துக்கொள்வார்கள்.

ஓய்வூதியத்துக்கு ஏன் வரி என்ற கேள்விக்கான பதில் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. சம்பளத்திலிருந்து ஓய்வூதிய நிதிக்குப் போகும் பணத்துக்குப் பிரிட்டன் அந்த நேரத்தில் வருமான வரி வாங்குவதில்லை. நிதிக்குள் அது வளரும் காலத்திலும் பெரும்பாலும் வரி கிடையாது. ஓய்வூதியமாக வெளியே வரும்போதுதான் வரி. அதாவது, உழைத்த காலத்தில் தள்ளிவைத்த வரியை முதுமையில் வசூலிக்கும் ஏற்பாடு இது. சலுகை கொடுத்த பிரிட்டன், ஆள் வெளிநாடு போனதும் வரியை அந்த நாட்டுக்கு விட்டுக்கொடுப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அங்கிருந்து தன் நாட்டுக்கு வருகிறவர்களின் ஓய்வூதியத்துக்கு இதே முறையில் பிரிட்டன் வரி விதிக்கிறது. முதியவர் பயன்படுத்தும் சாலையும் பேருந்தும் மருத்துவமனையும் அவர் வசிக்கும் நாட்டுடையவை. அவருடைய மொத்த வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத் தக்க வரி விதிக்க வசதி உள்ள நாடும் அதுவே. இந்தக் காரணங்களால் இந்த ஏற்பாடு உலக அளவில் நிலைத்துவிட்டது.

வசிக்கும் நாடு எது என்பதை முடிவுசெய்ய ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விதி உண்டு. பிரிட்டனில் 2013 ஏப்ரல் 6 முதல் சட்டத்தில் எழுதப்பட்ட ஒரு சோதனை நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நீதிமன்றத் தீர்ப்புகளையும் அதிகாரிகளின் கணிப்பையும் நம்பியே காலம் ஓடியது. பிரிட்டனின் வரியாண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி மறு ஆண்டு ஏப்ரல் 5இல் முடிகிறது. அந்த ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ பிரிட்டனில் இருந்தவர் அங்கே வசிப்பவர். இதில் வாதத்துக்கு இடமில்லை. அண்மைவரை அங்கே வசித்துவிட்டு வெளியேறியவர் 16 நாளுக்கும் குறைவாகத் தங்கினால் வசிக்காதவர். முந்தைய மூன்று ஆண்டும் வசிக்காதவராக இருந்தவருக்கு அந்த வரம்பு 46 நாள். நள்ளிரவில் பிரிட்டனில் இருந்தால் அது ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு.

இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல். அவர்களுக்குப் பிரிட்டனோடு இன்னும் எத்தனை பிணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கிறார்கள்: அங்கே வசிக்கும் மனைவியோ கணவனோ, போய்த் தங்கத் தயாராக உள்ள வீடு, வேலை, முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் 90 நாளுக்கு மேல் தங்கியிருத்தல், வேறெந்த ஒரு நாட்டையும்விடப் பிரிட்டனில் அதிக நாள் கழித்திருத்தல். பிணைப்பு கூடக்கூட, தங்க அனுமதியுள்ள நாள் குறையும். அண்மையில் வெளியேறிய ஒருவருக்கு இங்கிலாந்தில் சொந்த வீடு தயாராக இருக்கிறது, முந்தைய ஆண்டில் 90 நாளுக்கு மேல் தங்கியும் இருக்கிறார் என்றால், பிணைப்பு இரண்டு. அவர் 91 நாள் தங்கிவிட்டாலே வசிப்பவர் ஆகிவிடுவார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அடிக்கடி போய்வரும் முதியவர்கள் விமானச் சீட்டுகளையும் நாள்கணக்கையும் பத்திரமாக வைத்திருப்பது இதனால்தான் அவசியமாகிறது.

பிரிட்டன் ஒருவரை வசிப்பவர் என்று சொல்லும் அதே ஆண்டில் ஸ்பெயினும் அப்படியே சொல்லக்கூடும். ஸ்பெயினின் வரியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அங்கும் 183 நாள்தான் முக்கிய அளவு. இரு நாடுகளும் ஒருவரை உரிமை கோரும்போது வரி ஒப்பந்தம் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கிறது. நிரந்தர வீடு எங்கே இருக்கிறது? இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்பமும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கமாக இருக்கின்றன? அதிலும் தெளிவில்லையென்றால் வழக்கமாக எங்கே தங்குகிறார்? கடைசியில், எந்த நாட்டுக் குடிமகன்? விடை கிடைத்த இடத்தில் கேள்வி நின்றுவிடும்.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பிரிட்டனுக்கு 130க்கும் மேற்பட்ட நாடுகளுடன் இருக்கின்றன. பெரும்பாலானவை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தைத் தழுவியவை. அந்த மாதிரியின் 18ஆம் பிரிவுப்படி, பணிக்காலத்தின் பலனாக வரும் ஓய்வூதியத்துக்கு வசிக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம். 19ஆம் பிரிவு அதற்கு விதிவிலக்கு: அரசுப் பணிக்காகத் தரப்படும் ஓய்வூதியத்துக்குத் தருகிற நாடு மட்டுமே வரி விதிக்கலாம். பிரெக்ஸிட்டால் இதில் எந்த மாற்றமும் வரவில்லை. வரி ஒப்பந்தங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்டவை அல்ல. ஒவ்வொரு நாட்டோடும் பிரிட்டன் தனித்தனியாகச் செய்துகொண்டவை.

ஸ்பெயினில் குடியேறிய ஓய்வுபெற்ற பிரிட்டன் காவலர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்குக் காவல்துறை ஓய்வூதியம் ஆண்டுக்கு 18,000 பவுண்ட், ஸ்டேட் பென்ஷன் 11,973 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால், பிரிட்டனில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து 29,973 பவுண்ட். வரியில்லா வரம்பைக் கழித்தால் 17,403 பவுண்டுக்கு 20 விழுக்காடு, ஏறத்தாழ 3,480 பவுண்ட் வரி. ஸ்பெயினில் வசிக்கும்போது காவல்துறை ஓய்வூதியத்துக்கு மட்டும் பிரிட்டன் வரி விதிக்கும். பிரிட்டன் குடிமகன் என்பதால் வெளிநாட்டில் இருந்தாலும் 12,570 பவுண்ட் வரம்பு அவருக்கு உண்டு. மீதி 5,430 பவுண்டுக்கு வரி 1,086 பவுண்ட். ஸ்டேட் பென்ஷன் ஸ்பெயினின் வரிக்குப் போகும். காவல்துறை ஓய்வூதியத்துக்கு ஸ்பெயின் வரி விதிக்காது. ஆனாலும் 2013ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் பொருந்தும் என்று முடிவுசெய்ய அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கும். எனவே வரி விலக்குள்ள ஓய்வூதியத்தையும் ஸ்பெயினின் வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும். பிரிட்டனில் வரி கட்டியாயிற்று, இங்கே சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் பின்னால் அபராதத்தில் மாட்டுகிறார்கள்.

அரசுப் பணி எது என்பதிலும் வழக்கமான பேச்சுக்கும் ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் வேலை செய்த மருத்துவரும் செவிலியரும் அரசு ஊழியர்களே என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அவர்களது ஓய்வூதியம் இந்த விதிவிலக்குக்குள் வருவதில்லை. வசிக்கும் நாட்டின் வரிக்கே போகிறது.

குடியுரிமையும் இதில் நுழைகிறது. பல ஒப்பந்தங்களில், வசிக்கும் நாட்டின் குடியுரிமையும் பெற்றுவிட்டவருக்கு அரசுப் பணி ஓய்வூதியத்தின் வரியுரிமை அந்த நாட்டுக்கு மாறிவிடும். பிரிட்டனும் இந்தியாவும் 1993இல் செய்த ஒப்பந்தம் இதை நன்றாகக் காட்டுகிறது. லண்டன் உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் வேலை செய்து, இந்தியக் கடவுச்சீட்டைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்து சென்னைக்குத் திரும்பியவரின் அந்தப் பணி ஓய்வூதியத்துக்கு இந்தியா மட்டுமே வரி விதிக்கும். பக்கத்து இருக்கையில் அதே வேலையைச் செய்து, நடுவில் பிரிட்டன் குடியுரிமை பெற்று, அதே சென்னைக்குத் திரும்பியவருக்கு பிரிட்டன் மட்டுமே வரி விதிக்கும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் அவர் இந்தியக் குடிமகனாக இருக்க வழியில்லை. இருவரின் தனியார் ஓய்வூதியமும் இந்தியாவின் வரிக்கு உரியது.

எல்லா ஒப்பந்தமும் மாதிரியைப் பின்பற்றுவதில்லை என்பதற்கு இரண்டு எதிரெதிர் எடுத்துக்காட்டுகள் உண்டு. 2003ஆம் ஆண்டின் ஆஸ்திரேலிய ஒப்பந்தம் அரசுப் பணி ஓய்வூதியம் உட்பட எல்லா ஓய்வூதியத்தையும் வசிக்கும் நாட்டுக்கே விட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரிட்டன் காவலர் தம் ஓய்வூதியம் முழுவதற்கும் ஆஸ்திரேலியாவுக்குத்தான் வரி கட்டுகிறார். பிரிட்டனின் ஸ்டேட் பென்ஷனில் 8 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ளவும் ஆஸ்திரேலியா அனுமதிக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவரே கட்டிய சந்தா என்பது அதன் நியாயம்.

மறுகோடியில் தாய்லாந்து. 1981ஆம் ஆண்டின் அந்த ஒப்பந்தத்தில் அரசுப் பணி ஓய்வூதியம் பற்றி மட்டுமே பேச்சு இருக்கிறது. மற்ற ஓய்வூதியங்களுக்கென்று பிரிவே இல்லை. ஆகவே தாய்லாந்தில் ஓய்வெடுக்கும் பிரிட்டன்காரரின் ஸ்டேட் பென்ஷனையும் தனியார் ஓய்வூதியத்தையும் பிரிட்டன் தன் வரிக்குள்ளேயே வைத்திருக்கிறது. நெடுங்காலம் தாய்லாந்து, வெளிநாட்டு வருமானம் ஈட்டப்பட்ட ஆண்டிலேயே உள்ளே கொண்டுவரப்பட்டால்தான் வரி கேட்டது. 2024 ஜனவரி முதல் அந்த வசதி போய்விட்டது. ஆண்டுக்கு 180 நாள் தங்குகிறவர் கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம், எந்த ஆண்டில் உள்ளே வந்தாலும் அந்நாட்டின் வரிக்கு உட்படும். பிரிட்டனில் கட்டிய வரியைத் தாய்லாந்தின் வரியில் கழித்துக்கொள்ளலாம். இரண்டில் எது அதிகமோ அந்த அளவு வரி அவர் மீது விழும்.

வெளிநாடு போகிறவர்களை அதிகம் ஏமாற்றமடையச் செய்வது கால்பங்குத் தொகை. பிரிட்டனில் தனியார் ஓய்வூதிய நிதியில் 25 விழுக்காட்டை மொத்தமாக, வரியின்றி எடுக்கலாம். 2024 ஏப்ரலில் ஓய்வூதியச் சேமிப்பின் வாழ்நாள் வரம்பு நீக்கப்பட்டபோது, இந்த வரியில்லாத் தொகைக்கு 268,275 பவுண்ட் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இந்தச் சலுகை பிரிட்டன் சட்டத்தின் சலுகை மட்டுமே. ஸ்பெயினில் வசிக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தொகையை எடுத்தால், ஸ்பெயின் அதை மற்ற வருமானம்போலவே பார்த்து வரி விதிக்கும். பிரான்ஸில் மொத்தத் தொகைக்குச் சில நிபந்தனைகளுடன் 10 விழுக்காடு கழிவு போக மீதிக்கு 7.5 விழுக்காடு என்ற தட்டையான விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அது குறைவுதான், ஆனாலும் வரிதான். வெளிநாட்டில் வீடு வாங்க இந்தப் பணத்தையே பலரும் நம்பியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன், பிரிட்டனில் வசிக்கும் வரியாண்டிலேயே அதை எடுப்பதா, பிறகு எடுப்பதா என்ற ஒரே முடிவில் ஆயிரக்கணக்கான பவுண்ட் கூடவோ குறையவோ செய்யும். குடிபெயர்வதில் வேறெந்த முடிவையும்விட இதற்குத்தான் முதலில் ஆலோசனை தேட வேண்டும்.

ஓய்வூதியரைத் தம் நாட்டுக்கு ஈர்க்கவும் சில அரசுகள் வரியைப் பயன்படுத்துகின்றன. போர்ச்சுகல் 2009இல் தொடங்கிய திட்டத்தில் வெளிநாட்டு ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு வரி இல்லாமலே இருந்தது. தம் முதியோர் அங்கே போய் எங்கும் வரி கட்டாமல் இருப்பதைச் சில ஐரோப்பிய நாடுகள் கடுமையாக எதிர்த்தன. 2020 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு 10 விழுக்காடு என்று ஆனது. 2024இல் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. கிரேக்கம் 15 ஆண்டுக்கு 7 விழுக்காடு என்று அழைக்கிறது. இத்தாலி அதே விகிதத்தைத் தெற்குப் பகுதியில் மக்கள்தொகை குறைந்த ஊர்களில் குடியேறுபவர்களுக்குத் தருகிறது. சைப்ரஸில் ஒரு சிறு தொகைக்கு மேல் 5 விழுக்காடு என்ற விகிதத்தைத் தேர்வுசெய்யலாம். போர்ச்சுகல் காட்டியதுபோல் இத்தகைய சலுகைகள் அரசியல் காற்றுக்கேற்ப மாறுபவை. முப்பது ஆண்டு முதுமையை இவற்றை மட்டும் நம்பித் திட்டமிடுவது நல்லதல்ல.

வருமான வரிக்கு அப்பால் சமூகப் பாதுகாப்புக் கட்டணங்களும் உண்டு. பிரான்ஸ் ஓய்வூதியத்தின் மீது 9.1 விழுக்காடுவரை இப்படி வசூலிக்கிறது. ஸ்டேட் பென்ஷன் வாங்குகிறவர் பிரிட்டனிடமிருந்து எஸ்1 என்ற சான்றிதழைப் பெற்று அங்கே பதிவுசெய்தால், அவருடைய மருத்துவச் செலவைப் பிரிட்டன் ஏற்கிறது; இந்தக் கட்டணத்திலிருந்தும் விலக்குக் கிடைக்கிறது. நியூசிலாந்தில் கதை வேறு. அந்நாடு தரும் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து, பிரிட்டன் ஸ்டேட் பென்ஷன் அளவுக்குத் தொகையைக் கழித்துவிடுகிறார்கள். இது பெயரளவில் வரி இல்லை. ஆனாலும் இரண்டு நாட்டிலும் உழைத்தவரின் கையில் மிஞ்சுவதை எந்த வரியையும்விடக் குறைத்துவிடுகிறது.

ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விலக்கு தானாக வந்து சேர்வதில்லை. பிரிட்டனை விட்டுப் புறப்படும்போது பி85 என்ற படிவத்தால் வருவாய் மற்றும் சுங்கத் துறைக்குத் தகவல் தர வேண்டும். தனியார் ஓய்வூதியத்துக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்க இரட்டை வரி விலக்குப் படிவம் ஒன்று இருக்கிறது. அதை நிரப்பி, முதலில் தாம் குடியேறிய நாட்டின் வரி அலுவலகத்தில் கொடுத்து, இவர் இங்கே வசித்து வரி கட்டுபவர் என்று முத்திரை வாங்க வேண்டும். பிறகுதான் அது பிரிட்டனுக்குப் போகும். அங்கே ஏற்றுக்கொண்டால் ஓய்வூதியம் தரும் நிறுவனத்துக்கு ‘என்.டி.’ என்ற குறியீட்டை அனுப்புவார்கள். வரி பிடிக்காதே என்று அதற்குப் பொருள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை பிடித்ததைத் திரும்பக் கேட்கலாம். பொதுவாக, வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும்.

‘என்.டி.’ குறியீடு வந்ததும் வரியே முடிந்துபோனது என்று நிம்மதியடைகிறவர்கள் நிறையப் பேர். முடிந்தது பிரிட்டனின் பிடித்தம் மட்டும்தான். வரிப் பொறுப்பு வசிக்கும் நாட்டுக்கு மாறியிருக்கிறது. அங்கே யாரும் மாதந்தோறும் பிடித்துத் தரமாட்டார்கள். ஆண்டு முடிவில் தாமே கணக்குக் காட்டி மொத்தமாகக் கட்ட வேண்டும். வாழ்நாள் முழுதும் சம்பளத்தில் பிடித்தமாகவே வரி கட்டிப் பழகியவர்களுக்கு எழுபது வயதில் இது புதிய சுமை. எதிர்த்திசையில் நடக்கும் தவறு இன்னும் வேதனையானது. பிரிட்டனில் வரி பிடித்துவிட்டார்களே என்று வசிக்கும் நாட்டில் சும்மா இருந்துவிடுவார்கள். தவறான நாட்டுக்கு வரி கட்டியது, சரியான நாட்டுக்குக் கட்ட வேண்டியதைத் தீர்ப்பதில்லை. பிரிட்டனிடம் திரும்ப வாங்குவதற்கான நான்கு ஆண்டுக் கெடு கடந்த பிறகு விஷயம் வெளியே வந்தால், ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டும் நிலை வந்துவிடும். எந்த நாட்டோடு எந்த வகை ஓய்வூதியத்துக்கு விலக்கு உண்டு என்ற சுருக்கப் பட்டியலைப் பிரிட்டன் வருவாய்த் துறையே வெளியிட்டிருக்கிறது. புறப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நிதியிலிருந்து முதன்முறை பணம் எடுக்கும்போதும் ஒரு சங்கடம் நேர்கிறது. எடுத்த பெருந்தொகை மாதந்தோறும் வரும் வருமானம் என்று கருதி அதிக வரி பிடித்துவிடுவார்கள். இதற்கெனத் தனிப் படிவங்கள் உண்டு. மனுச் செய்தால் மிகையாகப் பிடித்தது திரும்பி வரும்.

வரி குறைந்த நாட்டில் கொஞ்ச காலம் தங்கி, நிதியைக் காலிசெய்துவிட்டுத் திரும்பலாம் என்ற கணக்கையும் சட்டம் முன்கூட்டியே பார்த்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் வெளியே இராமல் திரும்புகிறவர், அந்தக் காலத்தில் தம் விருப்பப்படி எடுத்த ஓய்வூதியத் தொகை 100,000 பவுண்டைத் தாண்டினால், திரும்பிய ஆண்டில் அதற்குப் பிரிட்டன் வரி கட்ட வேண்டும். நிதியையே வெளிநாட்டுத் திட்டம் ஒன்றுக்கு மாற்றிவிடும் வழி 2006 ஏப்ரலில் திறந்தது. பல ஆண்டுகள் முகவர்கள் இதைப் பெரிதாக விற்றார்கள். பெருங்கட்டணம் கொடுத்துச் சேமிப்பை இழந்தவர்களும் உண்டு. 2017 மார்ச் முதல் பல மாற்றங்களுக்கு 25 விழுக்காடு வரி வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் ஜிப்ரால்ட்டரிலும் உள்ள திட்டங்களுக்கு இருந்த தனிச் சலுகையும் 2024 அக்டோபர் 30இல் முடிந்தது. இப்போது, பொதுவாக, ஒருவர் வசிக்கும் அதே நாட்டில் உள்ள திட்டத்துக்கு, வரம்புக்குள் மாற்றினால்தான் இந்த வரியைத் தவிர்க்க முடியும்.

ஸ்டேட் பென்ஷன் வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வரியைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று இருக்கிறது. பிரிட்டனுக்குள் ஸ்டேட் பென்ஷன் ஆண்டுதோறும் உயர்கிறது: சம்பள உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 விழுக்காடு ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் ஜமைக்காவிலும் வசிப்பவர்களுக்கும் இந்த உயர்வு உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு இல்லை. உயர்வைக் கட்டாயமாக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் அந்த நாடுகளோடு இல்லை என்பதே காரணம். நயாகரா அருவியின் அமெரிக்கக் கரையில் குடியிருப்பவருக்கு ஆண்டுதோறும் தொகை உயரும். எதிர்க்கரையில், கனடாவில் இருப்பவருக்கு உயராது. 2016 ஏப்ரலில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண்ட். அன்றே அதைப் பெறத் தொடங்கி இந்தியாவில் வசிப்பவருக்கு இன்றும் அதே தொகைதான். 2025–26 கணக்கில் அவர் இழப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 3,880 பவுண்ட்.

சுமார் நாலரை லட்சம் பேர் இப்படி உறைந்த ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் இதை எதிர்த்துப் அப்போது பிரிட்டனின் உச்ச நீதியமைப்பாக இருந்த பிரபுக்கள் சபைவரை போனார், 2005இல் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வும் 2010 மார்ச்சில் 11க்கு 6 என்ற கணக்கில் அவரையும் உடன் வழக்குத் தொடுத்தவர்களையும் கைவிட்டது. வெளிநாட்டில் இருப்பவரின் நிலையை உள்நாட்டில் இருப்பவரோடு ஒப்பிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இந்த நிலைக்கு எதிர்ப்பாகவே ஆஸ்திரேலியா பிரிட்டனோடு வைத்திருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2001 மார்ச் 1 முதல் அது இல்லை. சட்டம் எப்படிச் சொன்னாலும் நியாயத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு தவறானது. அவர்கள் கட்டிய சந்தா மற்றவர்கள் கட்டிய அதே சந்தா. அது வேலை செய்த காலத்தில் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டது. முதுமையில் எங்கே வாழப்போகிறாய் என்று அன்று யாரும் கேட்கவில்லை. தொண்ணூறு வயதில், பிள்ளைகளின் அருகில் இருக்க வேண்டும் என்பதற்காகவே கடல் கடந்தவர்களை இது அதிகமாக வாட்டுகிறது.

ஓய்வூதியர் இறந்த பின் எஞ்சும் நிதிக்கும் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனின் வாரிசுரிமை வரி, பூர்வீகத்தைப் பார்ப்பதை விட்டு வசித்த காலத்தைப் பார்க்கிறது. முந்தைய 20 ஆண்டுகளில் 10 ஆண்டாவது பிரிட்டனில் வசித்தவரின் உலகச் சொத்து முழுவதும் அந்த வரிக்குள் வரும். வெளியேறிய பிறகும், எத்தனை ஆண்டு வசித்திருந்தார் என்பதைப் பொறுத்து 3 முதல் 10 ஆண்டுவரை அது தொடரும். பிரிட்டனுக்குள் இருக்கும் சொத்து எப்போதும் அந்த வரிக்கு உட்பட்டதே. இதுவரை பயன்படுத்தாமல் விட்ட ஓய்வூதிய நிதி பெரும்பாலும் இதற்கு வெளியே இருந்தது. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவித்தபடி, 2027 ஏப்ரல் 6 முதல் அதுவும் கணக்கில் சேர்க்கப்படும். கணவனுக்கோ மனைவிக்கோ போகும் பங்குக்கு வழக்கமான விலக்கு உண்டு. இறந்தவருக்கு 75 வயது கடந்திருந்தால், நிதியைப் பெறுகிறவர் எடுக்கும் பணத்துக்கு வருமான வரியும் தனியாக இருக்கிறது. வருமான வரி ஒப்பந்தங்கள் வாரிசுரிமை வரிக்குப் பொருந்தா. அதற்கென்று பிரிட்டன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் மிகச் சில. அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா போன்ற நாடுகளோடு அவை இருக்கின்றன. இந்தியாவோடு உள்ளது 1950களில் கையெழுத்தானது. இந்தியா 1985இல் தன் மரணச் சொத்து வரியை ஒழித்துவிட்ட பிறகும் அது நடைமுறையில் இருக்கிறது. ஸ்பெயினோடும் ஆஸ்திரேலியாவோடும் அப்படி ஒன்றும் இல்லை.